மீட்டர் காட்டும் 15 மில்லிஆம்பியரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

பேட்டரியில் ஓடும் தன் வைஃபை போர்டுக்கு மல்டிமீட்டரைத் தொடரில், அதாவது பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில், மாட்டினால் 15 மில்லிஆம்பியர் காட்டுகிறது, அதனால் 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) பேட்டரி ஐந்து நாள் தாங்கும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வகுத்தது சரி, அளந்ததுதான் தப்பு.

அவர் போர்டில் இருப்பது ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப். வைஃபை அனுப்பும் கணத்தில் அது 240 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். கணநேரம் ஏறி இறங்கும் அந்தக் கரண்ட் துடிப்பு அதன் கண்ணில் சரியாகப் படவே படாது. அதோடு மீட்டருக்குள் இருக்கும் மின்தடை, ஃபியூஸ், வயர் எல்லாம் சேர்ந்து 2 ஓம் என்று வையுங்கள். 300 மில்லிஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் அங்கேயே போய்விடும். 3.7 வோல்ட் பேட்டரி போர்டுக்கு 3.1 ஆகத்தான் தெரியும், ரீசெட் ஆனாலும் ஆச்சரியமில்லை.

மேலூர்ப் பக்கம் கிணற்று நீர்மட்டம் பார்க்க நான் செய்த போர்டும் இதே கணக்கை நம்பி இரண்டாம் நாளே படுத்துவிட்டது.

பேட்டரியின் மைனஸ் வயரில் 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையிலான வோல்ட்டை ஆஸிலோஸ்கோப்பில் (வோல்ட் கணத்துக்குக் கணம் மாறுவதை வரைந்து காட்டும் கருவி) பாருங்கள். 300 மில்லிஆம்பியருக்கு 30 மில்லிவோல்ட் தெரியும். போர்டு விழித்து, அனுப்பி, மறுபடி தூங்கும் ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுங்கள், தூங்கும் நேரத்தையும் சேர்த்து. அப்புறம், அளக்கும்போது யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது வழியாகவும் கரண்ட் வரும்.