அந்த கேன் குப்பையில் கிடைத்ததல்ல

பழைய பெட்ரோல் கேன்களில் செய்த ஆப்பிரிக்க முகமூடிகளின் படங்கள் சமூக வலைத்தளங்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கேனின் வாயே முகமூடியின் வாய், கைப்பிடியே மூக்கு. கீழே 'குப்பையிலிருந்து கலை', 'வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட்' என்று பாராட்டு குவிகிறது. நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் எனக்கு உறுத்துகிறது.

செய்தவர் ரொமுவால்ட் ஹசூமே. பெனின் நாட்டின் போர்ட்டோ நோவோவில் 1962-ல் பிறந்த, யொருபா இனத்தைச் சேர்ந்த கலைஞர். முகமூடி கட்டி ஆடும் கெலெடே சடங்கு இன்றும் நடக்கிற மண் அது.

அந்த கேன்களின் கதைக்கு வருவோம். பக்கத்து நைஜீரியாவில் பெட்ரோல் விலை குறைவாக இருந்ததால் அங்கிருந்து கடத்திவந்து பெனின் தெருவோரங்களில் விற்பது பெரிய பிழைப்பாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னும் கேன்களைக் கட்டிக்கொண்டு வருபவர்கள் வேறு வழியில்லாத ஏழைகள். இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று கேனை நெருப்பில் வாட்டி உப்பவைப்பார்கள். பிளாஸ்டிக் மெலிந்துபோகும். அப்புறம் ஒரு பொறி பட்டால் போதும், வண்டியோடு ஆளும் எரிந்துபோவார்.

இப்படி 304 கேன் முகமூடிகளை 'ப்ரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலின் வரைபடத்தில் மனிதர்கள் அடுக்கப்பட்டிருப்பது போலவே தரையில் அடுக்கினார் ஹசூமே. படைப்பின் பெயர் 'லா பூஷ் து ருவா', பிரெஞ்சில் 'அரசனின் வாய்' என்று பொருள். அடிமை வணிகத்தை பிரிட்டன் தடைசெய்த 200-வது ஆண்டான 2007-ல் பிரிட்டிஷ் மியூசியம் அதைக் காட்சிக்கு வைத்தது. தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றி, உடைந்தால் தூக்கிப்போடுவது அன்று மனிதர்களுக்கு நடந்தது, இன்றும் நடக்கிறது என்கிறார். பழியை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட்டு நகரவுமில்லை. வெள்ளை ஆட்சியாளருக்கு ஒரு மஞ்சள் முகமூடி, ஆட்களைப் பிடித்து விற்ற உள்ளூர் அரசனுக்கு ஒரு கறுப்பு முகமூடி. சொந்த மண்ணின் அடையாளத்தைக் கொண்டாடும் கலைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்வார்கள். இவர் மூடவில்லை என்பதால்தான் எனக்கு இவர்மேல் அவ்வளவு மரியாதை.

இதையெல்லாம் 'மறுசுழற்சி' என்று சொல்லி முடித்தால், அந்த கேனைக் காலுக்கிடையில் வைத்து ஓட்டிவந்தவர் காணாமல் போகிறார். ஹசூமே அவரை மறக்கவில்லை. பெட்ரோல் கடத்துபவர்கள் வண்டி ஓட்டிப்போகும் வீடியோ ஒன்றும் அந்தப் படைப்பின் பகுதிதான். முகமூடிப் படத்தைப் பகிர்பவர்கள் அதையும் சேர்த்துப் பகிருங்கள்.