அறைந்துவிட்டுக் களிம்பு தடவுகிறவன் நாயகனா?

நேற்று ராத்திரி ஒரு காதல் நாவலை எட்டாவது அத்தியாயத்தோடு மூடிவைத்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

காதல் கதை பிடிக்காதவள் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா வாடகை நூலகத்தில் எடுத்து வரும் மாத நாவல்களைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்து வளர்ந்தவள் நான். இன்றும் பஸ்ஸில் போனால் தொடர்கதை, சமையல் செய்தால் ஆடியோ நாவல். பெண் பார்க்க வந்த அன்று ஒரு வார்த்தைகூடப் பேசாத இரண்டு பேர், கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாக நெருங்கி வரும் கதை என்றால் உருகிப்போய்விடுவேன். அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

எட்டாவது அத்தியாயத்தில் நாயகி, கூட வேலை பார்க்கும் ஒருவனோடு சிரித்துப் பேசுகிறாள். நாயகன் பார்த்துவிடுகிறான். வீட்டுக்கு வந்ததும் பளாரென்று ஓர் அறை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிகிறது. ராத்திரி அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, அதே கன்னத்தில் களிம்பு தடவுகிறான். அவள் கண்ணை மூடியபடியே, இவனுக்குள் இத்தனை அன்பா என்று நெகிழ்கிறாள். பின்னாலேயே அவன் சின்ன வயதில் தாயை இழந்த கதை வருகிறது. அதோடு கணக்கு தீர்ந்தது. அந்த அறைக்கு ஒரு மன்னிப்புகூடக் கிடையாது.

ஏதோ ஒரு நாவல் என்றால் விட்டுவிடலாம். கடந்த ஆறு மாதத்தில் நான் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஆன்டி ஹீரோ கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டோமே, பிடிக்காதவர்கள் படிக்காதீர்கள் என்கிறார்கள். கெட்டவனைப் பற்றி எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அவன் செய்வது கெட்டது என்று அந்தக் கதைக்காவது தெரிய வேண்டாமா? அடிக்கும் இடத்தில்கூட அவனுடைய ஆறடி உயரத்தையும் அலையலையான முடியையும் வர்ணித்துக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்?

அறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் பெரியம்மா மகளை அவள் புருஷன் அறைந்தது காதோடு சேர்த்து விழுந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் அக்கா எல்லோரிடமும் சொன்னாள். பல பேருக்குச் சில வாரங்களில் தானாக மூடிவிடுமாம். அவளுக்கு மூடவில்லை. தண்ணீர் போகக் கூடாது என்பதால், பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதில் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தலைக்குக் குளித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகும் இடது காது சரியாகக் கேட்பதில்லை. எந்த நாவலிலும் அறை வாங்கியவளுக்குக் காது போனதாக நான் படித்ததே இல்லை. கன்னம் மட்டும்தான் சிவக்கும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் ஏதோ ஒரு வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்த நாவல்களை வாங்கிப் படிப்பதும் அதே பெண்கள்தானே?

அப்புறம் கட்டாயத் தாலி. ஒருவன் பெண்ணைக் கடத்தி, மிரட்டித் தாலி கட்டிவிடுவான். அந்த நிமிடமே அவள் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். மிரட்டிச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை, மிரட்டல் ஓய்ந்த ஒரு வருடத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யலாம் என்று 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டமே சொல்கிறது. அதைவிட, இது சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்டம் கொண்டுவந்த மாநிலம். உற்றார் முன்னால் இருவரும் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று வாயால் சொன்னாலே, அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே அது கல்யாணம். அவள் வாய்திறந்து சொல்லும் சொல்லுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. அரை நூற்றாண்டு தாண்டியும் நம் நாயகிக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையே!

அலுவலகக் கதைகள் இன்னும் மோசம். முதலாளி அவளைத் தன் அறைக்குள் இழுத்துக் கதவைத் தாழிடுவான், அவளுக்குப் படபடக்கும், அதன் பெயர் காதலாம். பத்துப் பேர் வேலை செய்தாலே அங்கே பாலியல் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இவன் நிறுவனத்திலோ ஆயிரம் பேர்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் கையைப் பிடிக்கும் முன்னால் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்கிற ஒருத்தன் போதும். வேண்டாம் என்றால் நிற்கத் தெரிந்தவன். அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை அதிகம் பேர் கண்டுகொள்ளாததைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இன்று காலையில் அக்கா போன் செய்தாள். “நல்ல ஆடியோ நாவல் இருந்தா அனுப்புடி” என்றாள். அவள் இயர்போனை வலது காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்வாள். மத்தியானத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை.