பொனட்டைத் திறக்காமலே கியர்பெட்டியைக் கழற்றுவதா?

கந்தளாய் தாண்டித் திருகோணமலைக்கு வரும் வழியில் என் ஒட்டோ கியர் கார் வழுக்கத் தொடங்கியது. இயந்திரம் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. மறுநாள் நகரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பொனட்டைக்கூடத் திறக்காமல், காரின் கணினியிலிருந்து கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கானரைச் செருகினார்கள். திரையில் பி0730. "கியர்பெட்டி முடிந்தது அண்ணா, வேறு பெட்டி போட வேண்டும். மூன்றரை இலட்சம்."

வயிறு பற்றி எரிந்தது. கியர் விகிதம் பொருந்தவில்லை என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். ஏன் பொருந்தவில்லை என்பதை அது சொல்லாது. கியர்பெட்டி ஒயில் குறைந்தால் அதன் அழுத்தம் விழும், உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும். அப்போதும் அதே குறியீடுதான் வரும்!

கிண்ணியாவில் ஒரு நானாவிடம் போனேன். சமதரையில் நிறுத்தி, இயந்திரம் சூடேறி ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தினார். பிறகுதான் கியர்பெட்டியின் ஒயில் மட்டம் காட்டும் கம்பியை உருவினார். நுனியில் மட்டும் ஈரம். வெள்ளைக் கடதாசியில் துடைத்து மோந்து பார்த்தார். நல்ல சிவப்பு, கருகல் வாடை இல்லை. கறுத்துக் கருகியிருந்தால் தட்டுகள் எரிந்திருக்கும். பால் கலந்தாற்போல் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும். இரண்டும் இல்லை. கீழே படுத்து டோர்ச் அடித்தார். ஒயிலைக் குளிரவைக்கக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் துருவேறி, மூட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் பதினைந்து நிமிடம்.

நான் உப்புவெளியில் கடலோரம் வண்டி நிறுத்துபவன். உப்புக்காற்று யன்னல் கம்பியையே தின்கிற ஊர் இது. இங்கே கராஜ் வைத்திருப்பவர் முதலில் துருவையும் கசிவையும் தேட வேண்டாமா? வயர் இணைப்புகளில் பச்சை படிந்திருக்கிறதா என்றாவது பார்க்க வேண்டாமா? புது வண்டிகளில் ஒயில் கம்பி இல்லை என்கிறார்கள். பெரும்பாலானவற்றில் மட்டம் பார்க்கக் கீழே ஒரு திருகாணி இருக்கிறதே! ஸ்கானர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணும் மூக்கும் பார்த்து முடித்த பிறகு அதைச் செருகுங்கள்.

குழாயை மாற்றி, ஒயில் நிரப்பி, நேற்று ஹபரணை வரை போய்வந்தேன். ஒருமுறைகூட வழுக்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. அந்தக் கராஜில் எனக்கு முன்னால் ஒரு வான்காரர் தலையாட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் பிழைப்பவர். அவருடைய ஒயிலை யாராவது பார்த்தார்களா?