சாவு விகிதம் அதிகம் என்றால் மோசமான ஊரா?

"ஃபுளோரிடாவின் சம்டர் கவுண்டியில் சாவு விகிதம் மாநில சராசரியைவிட அதிகம், அங்கே குடியேறாதீர்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. (கவுண்டி என்பது அமெரிக்க மாநிலங்களில் நம் மாவட்டம் போன்ற பிரிவு.) விகிதம் அதிகம்தான்; அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

சம்டரில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். ஓய்வுபெற்றவர்கள் தேடி வந்து குடியேறும் 'தி வில்லேஜஸ்' என்ற குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. முதியவர்கள் கூடினால் சாவும் கூடத்தான் செய்யும். அதனால் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வெளியிடும் கவுண்டி ஒப்பீட்டில் வெறும் சாவு விகிதத்தைப் பார்ப்பதில்லை; 75 வயதுக்குள் இழந்த ஆண்டுகளைக் கணக்கிடுகிறார்கள்: 25 வயதில் இறந்தால் 50 ஆண்டு, 70இல் 5, 80இல் ஒன்றுமில்லை. வயது வித்தியாசத்தையும் சரிக்கட்டுகிறார்கள்.

சரி, வெறும் சாவு விகிதத்தை வைத்துத்தான் பார்ப்பதென்றால் யாரோடு ஒப்பிடுவது? ஃபுளோரிடாவிலேயே முதியவர்கள் நிறைந்த சார்லட் கவுண்டியோடு ஒப்பிடுங்கள். கல்லூரி மாணவர்கள் குவிந்த அலாச்சுவா கவுண்டியோடு வேண்டாம்.