அவன் அலாரம், என் தூக்கம்

ஹாஸ்டல்ல பாத்ரூம் வாசல்ல பக்கெட்டோட நிக்கிறது, ஒரே பிளக் பாயிண்டுக்கு மூணு பேர் அடிச்சுக்கிறது எல்லாம்கூடப் பழகிடுச்சு. பழகாதது பக்கத்துக் கட்டில்காரனோட அலாரம்தான்.

காலையில எழுந்து படிக்கப்போறானாம். நல்ல விஷயம், வேணாங்கல. 5 மணிக்கு அடிக்குது. போர்வைக்குள்ள இருந்து கை மட்டும் வெளிய வருது, தலகாணிக்கு அடியில துழாவுது, ஸ்னூஸ். 5.09க்கு மறுபடி. 5.18. 5.27. இந்த 9 நிமிஷக் கணக்கை எவன் கண்டுபிடிச்சானோ! கண்ணு சொருகி, தூக்கம் பிடிக்கப்போற அந்த நொடியில கரெக்டா அடிக்கும். இரும்புக் கட்டில் வேற. போன் சட்டத்துல பட்டு அதிர்றது என் பல்லு வரைக்கும் வருது. அவனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல.

ஒருநாள் பொறுக்கமுடியாம உலுக்கி எழுப்பினேன். "ஏன்டா தூங்க விடமாட்டேங்கிற?"ன்னு என்னையே கேக்கிறான்.

வார்டன்கிட்ட போகலாம்னா, ராத்திரி சத்தத்துக்குத்தான் விதி இருக்கு, விடியக்காலை சத்தத்துக்கு இல்ல. ரூம் மாத்தக் கேட்டா அடுத்த செமஸ்டர்ங்கிறாங்க.

போன வாரக் கடைசியில அவன் ஊருக்குப் போயிட்டான், போனும் கூடவே போயிடுச்சு. ஆசையா படுத்தேன். 5 மணிக்கு டாண்ணு முழிப்பு வந்துடுச்சு. விட்டத்தையே பாத்துட்டுக் கிடந்தேன். 5.09க்கு மறுபடி ஒருதடவை திடுக்குன்னுச்சு.