ஸ்டாக்ஹோமில் அப்பாவுக்குக் காட்ட வேண்டியது

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. காலையிலேயே கிளப்பி, இங்கே நில்லுங்க, அங்கே பாருங்க என்று படம் எடுத்து, ராத்திரி பார்சல் மாதிரி வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறோம். எங்கே போனீர்கள் என்று மறுநாள் யாராவது கேட்டால் அவர்கள் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால் அப்பா வந்திருந்தபோது ஒன்றை முடிவு செய்துகொண்டேன். அவர் வாய் திறந்து வாதம் பண்ண ஏதாவது இருக்கிற இடத்துக்குத்தான் போவது.

அப்பா பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரண்மனையைக் காட்டினால் "ம், நல்லா இருக்கு" என்று நகர்ந்துவிடுவார். எஸ்டிமேட், மேலதிகாரி, விசாரணைக் கமிஷன் என்று பேச்சு வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வாசா அருங்காட்சியகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ஸ்லுஸ்ஸன் படகுத்துறையில் படகு ஏறினோம். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் எடுக்கிற டிக்கெட்டே அந்தப் படகுக்கும் செல்லும்.

உள்ளே இருட்டு. நடுவில் 69 மீட்டர் நீளத்துக்கு முழுக் கப்பல் நிற்கிறது. ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் கட்டச் சொன்ன வாசா என்ற போர்க்கப்பல். 64 பீரங்கிகள். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி, 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து, பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து, கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கிவிட்டது. 1961-இல்தான் மேலே எடுத்தார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கிற கப்பல் புழு அங்கே வாழாது. 333 வருடம் கிடந்தும் மரம் நின்றதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவர், சோதனைக் கதையைச் சொன்னதும் நின்றுவிட்டார். கிளம்புவதற்கு முன் கப்பல் தாங்குமா என்று பார்க்க, முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆட, பார்த்துக்கொண்டிருந்த கடற்படைத் தளபதி சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கப்பலை அல்ல, சோதனையை.

"ஏம்ப்பா, ராஜா அவசரப்படுத்தியிருப்பாரே?"

"ஆமாப்பா, போருக்குப் போன இடத்திலிருந்து சீக்கிரம் முடிங்கன்னு கடிதம் போட்டுக்கிட்டே இருந்தாராம்."

"அப்ப எவன் எழுதுவான் ஆடுதுன்னு?"

அப்புறம் விசாரணை. கேப்டன் தன் மேல் தப்பில்லை என்றார். கட்டியவர்கள், மன்னர் ஒப்புக்கொண்ட அளவில்தான் கட்டினோம் என்றார்கள். பிறகு தப்பு யாருடையது என்று கேட்டதற்கு, கடவுளுக்குத்தான் தெரியும் என்று பதில். வேலையைத் தொடங்கிய தலைமைக் கட்டுநர் அதற்கு முந்தைய வருடமே இறந்துபோயிருந்தார். கடைசியில் ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. அப்பா அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். தன் சர்வீஸில் பார்த்த ஒரு பாலம், ஒரு மதகு, அதற்கான கோப்புகள் எப்படி மூடப்பட்டன என்று கப்பலின் பின்பக்கச் சிற்பங்களுக்குக் கீழே நின்றபடி அரைமணி நேரம் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத கதைகள். அன்றைக்கு ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம், பழைய நகரமான கம்லாஸ்தானின் குறுகிய சந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நகர மன்றத்துக்கு மட்டும் போனோம். நோபல் விருந்து நடக்கிற நீலக் கூடத்தில் நீலமே இல்லை, எல்லாம் சிவப்புச் செங்கல். சர் சி.வி. ராமன் 1930-இல் பரிசு வாங்கிய ஊர் இது, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் விருந்து சாப்பிட்ட கூடம் இது என்றேன். அப்பா படிக்கட்டைப் பார்த்து, "கைப்பிடி சரியா இருக்கு" என்றார்.

சரி, இப்போது என் புகார். மத்தியானம் ஒரு கடையில் அப்பா காபி வாங்கித் தருகிறேன் என்று போனார். பையில் புத்தம்புது குரோனா நோட்டுகள். கடைக்காரப் பெண் சிரித்தபடியே, ரொக்கம் வாங்குவதில்லை என்றுவிட்டார். இங்கே பாதிக் கடைகளில் இதே கதைதான், பஸ்ஸிலும் ரொக்கம் செல்லாது. ஐரோப்பாவில் முதன்முதலாகக் காகிதப் பணம் அச்சிட்டது 1661-இல் இதே ஸ்டாக்ஹோம்தான் என்பது கூடுதல் வேடிக்கை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தே பழகிய மனிதரை, ஒரு காபிக்கு மகனைத் திரும்பிப் பார்க்க வைக்கிற ஏற்பாட்டை வளர்ச்சி என்று கைதட்ட எனக்கு மனசு வரவில்லை. அங்கேயே என் இரண்டாவது கார்டை அவர் கையில் கொடுத்து, பின் எண்ணையும் சொல்லிவிட்டேன். அடுத்த கடையில் அவரே போய் ஏலக்காய் பன்னும் காபியும் வாங்கி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் ஊரிலேயே அவர்கள் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள், வங்கிக்கு வங்கி மாறுகிறது.