செரீ சி நடுக்கள வீரரும் காலடியில் நகரும் கிளப்புகளும்

இத்தாலியின் மூன்றாம் டிவிஷனான செரீ சி-யில் ஆடும், முப்பது தாண்டிய ஒரு நடுக்கள வீரரின் விவரப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வருடங்கள், இன்னொரு பக்கம் ஊர்ப் பெயர்கள். பவியா, ஃபோர்லி, லெக்கோ, பொடென்ஸா, ஃபோஜா என்று ரயில் கால அட்டவணை மாதிரி நீண்டுகொண்டே போகும். பாதி ஊர்களுக்கு எதிரே 'லோன்' (ஒப்பந்தம் ஒரு கிளப்பில், ஆடுவது கடனாக இன்னொரு கிளப்பில்) என்று வேறு போட்டிருக்கும். இதைப் பார்த்ததும் நம் கால்பந்து நண்பர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஒரு இடத்துல நிக்காத ஆளு. சரக்கு இருந்தா மேல போயிருப்பான்ல?"

இந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பெரும்பாலான சமயம் அந்த ஆள் நிற்கத்தான் பார்த்திருப்பார். அவர் காலடியில் இருந்த கிளப் நகர்ந்துவிட்டது, அல்லது இழுத்து மூடப்பட்டுவிட்டது.

மேலே போனவர்கள் கதை நமக்கு நன்றாகத் தெரியும். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இத்தாலிக்குச் சமன் செய்த கோலை அடித்தவர் மாத்தராட்ஸி. கடைசிப் பெனால்டியை அடித்துக் கோப்பையை உறுதி செய்தவர் ஃபாபியோ கிராசோ. மாத்தராட்ஸி சிசிலியின் மர்சாலா, த்ராபானி என்று கீழ் டிவிஷன்களில் உருண்டு வந்தவர். (பிறகு சென்னையின் எஃப்சி-க்குக் கோச்சாக வந்து 2015-ல் ஐஎஸ்எல் கோப்பையையும் வாங்கிக்கொடுத்தார்.) கிராசோ ரெனாத்தோ கூரி என்ற அமெச்சூர் கிளப்பிலும், அப்புறம் நான்காம் டிவிஷனில் கியேத்தியிலும் ஆடியவர். அப்போது அவர் நடுக்கள வீரர்தான், இடது பின்களத்துக்குப் போனதெல்லாம் பிற்பாடு.

இமானுவேலே ஜாக்கெரினியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தரை அடி உயரம். செசேனா கிளப் அவரை முதலில் ஃபோர்லிக்கு லோனில் அனுப்பியது, பிறகு பெல்லாரியாவுக்கு, பிறகு பவியாவுக்கு. 2008-ல் திரும்பி வந்தார், செசேனா அடுத்தடுத்து இரண்டு முறை மேலேறி முதல் டிவிஷனான செரீ ஆ-வுக்குப் போனது. 2011-ல் யுவெண்டஸ், இரண்டு லீக் பட்டங்கள், 2016 யூரோவில் பெல்ஜியத்துக்கு எதிராக முதல் கோல். அந்த கோலை இப்போது பார்த்தாலும் அழகுதான். சக ஆட்டக்காரர் பொனூச்சி பாதி மைதானத்தைத் தாண்டி அனுப்பிய பந்தை ஓடிப்போய் ஒரே தொடலில் அடக்கி, அடுத்த தொடலில் வலைக்குள் தள்ளிவிட்டார்.

சரி. ஜாக்கெரினி பவியாவில் ஆடியபோது அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர்கள் என்ன ஆனார்கள்? இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

முதலில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். மூன்றாம் நான்காம் டிவிஷன்களான சி1-லும் சி2-விலும் ஒரு காலத்தில் 90 கிளப்புகள் இருந்தன. 2014-ல் இரண்டையும் ஒன்றாக்கி, 20 கிளப்புகள் கொண்ட மூன்று பிரிவுகளாக மொத்தம் 60-ஆகச் சுருக்கிவிட்டார்கள். அதாவது, சம்பள ஒப்பந்தம் போட்டு ஆட்டக்காரர்களை வைத்திருந்த முப்பது அணிகள் அந்த மட்டத்தில் இப்போது இல்லை. அதற்குக் கீழே செரீ டி. அது சட்டப்படி அமெச்சூர் லீக். அங்கே கைக்கு வந்த பணத்துக்கு அப்போது செலவுத் தொகை என்றுதான் பெயர். அந்த வருடங்களில் இருபத்தெட்டு வயதில் இருந்த ஒரு சி2 நடுக்கள வீரருக்கு இது என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். அவர் மோசமாக ஆடவில்லை, நாற்காலி எண்ணிக்கை குறைந்துவிட்டது.

அப்புறம் 'கோம்ப்ரொப்ரியேத்தா' என்ற கூட்டு உடைமை முறை. ஒரு வீரரின் உரிமையில் பாதி ஒரு கிளப்புக்கு, மீதிப் பாதி இன்னொரு கிளப்புக்கு. பேச்சுவார்த்தை படியவில்லை என்றால் இரண்டு கிளப்பும் ஆளுக்கொரு தொகை எழுதி, உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதிகம் எழுதியவருக்கு ஆள் சொந்தம். இந்த முறையின் உச்சக்கட்டக் கூத்து 1978-ல் நடந்தது. பாவ்லோ ரோஸிக்காக யுவெண்டஸ் எழுதியது 87.5 கோடி லிரா. சின்ன கிளப்பான விசென்ஸா எழுதியதோ 261 கோடி! நாடே வாயைப் பிளந்தது. அடுத்த சீசனிலேயே விசென்ஸா இரண்டாம் டிவிஷனான செரீ பி-க்கு இறங்கியது தனிக்கதை. ரோஸி நட்சத்திரம், அதனால் அவர் உறை தலைப்புச் செய்தியானது. கீழ் டிவிஷன்களிலும் கோடைதோறும் இப்படி உறை பிரித்தார்கள். தன் அடுத்த ஊர் எது என்று ஜூன் கடைசியில்தான் பல பேருக்குத் தெரியும். 2014-ல்தான் இந்த முறையை நிறுத்த முடிவெடுத்தார்கள். அந்த விவரப் பக்கத்தில் நாம் பார்க்கும் ஊர்களில் எத்தனையை அவர் தேர்ந்தெடுத்திருப்பார்?

லோனை எடுத்துக்கொண்டால் பார்மா கதையே போதும். 2015-ல் அந்த கிளப் திவாலானபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை ஒப்பந்தத்தில் வைத்திருந்த விஷயம் வெளியே வந்து நாறியது. இருநூறு பேர்! ஒரு அணிக்குப் பதினோரு பேர்தானே வேண்டும்? மற்றவர்கள் எல்லாம் நாலா பக்கமும் லோனில் போனவர்கள். கணக்கில் ஆட்டக்காரர் 'சொத்து'. அந்தச் சொத்துக்கு வீடு மாற்ற வேண்டியிருக்கும், பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் கணக்கில் வராது. பார்மா செரீ டி-யில் தொடங்கி மூன்றே வருடத்தில் செரீ ஆ-வுக்குத் திரும்பியதை எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். அந்த லோன் பட்டாளத்தைப் பற்றி யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

கிளப்புகள் சரிவது இன்னும் நிற்கவில்லை. 2019 பிப்ரவரியில் ப்ரோ பியாசென்ஸா என்ற செரீ சி கிளப்பின் ஆட்டக்காரர்கள் சம்பளம் வராமல் போட்டிகளைப் புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு போட்டிக்கு வராவிட்டால் லீகை விட்டு நீக்கம். என்ன செய்தது நிர்வாகம்? சில பதின்வயதுப் பையன்களை கூனியோ ஊருக்கு அனுப்பி மைதானத்தில் நிறுத்தியது. பாதி ஆட்டத்திலேயே 16-0, முடிவில் 20-0. உலகம் முழுக்க இதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆடாமல் வீட்டில் இருந்த அந்த சம்பளமில்லா ஆட்டக்காரர்கள் யார் என்று எத்தனை பேர் தேடினார்கள்? கிளப் உடனே நீக்கப்பட்டது. அவர்கள் சீசன் நடுவில் வேறு அணி தேடினார்கள், அவர்கள் பக்கங்களில் ஒரு ஊர் கூடியது. 2025 மார்ச்சில் தரந்தோ, துர்ரிஸ் என்ற இரண்டு செரீ சி கிளப்புகளும் இதே போல் பாதி சீசனில் வெளியே போயின.

இத்தனைக்கும் நடுவே வயது என்ற பிரச்சினை இருக்கிறது. செரீ டி-யில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ள சில பையன்களைக் கட்டாயம் களமிறக்க வேண்டும். செரீ சி-யில் இளைஞர்கள் ஆடும் நிமிடங்களுக்கு ஏற்ப கிளப்புக்குப் பணம் வருகிறது. கேட்க நல்ல திட்டம்தான். நடப்பது என்னவென்றால், பத்தொன்பது வயதில் இடம் கிடைத்த பையனுக்கு அந்த வயது தாண்டியதும் இடம் போய்விடுகிறது. அவன் ஆட்டம் மாறவில்லை, பிறந்த வருடம் பழையதாகிவிட்டது. அவனையும் முப்பத்திரண்டு வயதுக்காரரையும் பணக்கணக்கு ஒரே மாதிரிதான் பார்க்கிறது.

ஆனால் அந்த முப்பத்திரண்டு வயது மிட்ஃபீல்டரை நான் ரசித்துப் பார்ப்பேன். வேகம் போயிருக்கும். எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். எதிரணி கவுன்டர் அட்டாக்குக்குக் கிளம்பும்போது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபவுல், ரெஃப்ரியிடம் ஒரு அப்பாவிச் சிரிப்பு, முடிந்தது. பக்கத்தில் ஆடும் பையனைக் கத்திக் கத்தியே சரியான இடத்தில் நிறுத்துவார். இதற்கெல்லாம் புள்ளிவிவரத்தில் எந்தக் கட்டமும் கிடையாது.

ஒரே கிளப்பில் நின்றவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பிரான்செஸ்கோ மன்யனெல்லி 2005-ல் சஸ்ஸுவோலோவுக்கு வந்தபோது அது நான்காம் டிவிஷனில் இருந்தது. 2022-ல் அங்கேயே ஓய்வு பெற்றார். இடையில் செரீ ஆ, ஐரோப்பா லீக் எல்லாம் பார்த்துவிட்டார். அருமையான மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அந்த கிளப்பின் பின்னால் மபேய் நிறுவனத்தின் ஸ்குவின்ஸி இருந்தார். டைல்ஸ் தொழில் நகரம், டைல்ஸ் ஒட்டும் பசை விற்கும் முதலாளி, மாதாமாதம் சம்பளம். விசுவாசம் காட்ட முதலில் கிளப் உயிரோடு இருக்க வேண்டும்.

நேர்மைக்கும் இங்கே விலை உண்டு. சிமோனே ஃபரீனா தடுப்பாட்டக்காரர், ஆனால் இதே கீழ் டிவிஷன் ஆள்தான். 2011-ல் குப்பியோவுக்காக ஆடிக்கொண்டிருந்தபோது, ஒரு கோப்பை ஆட்டத்தை விற்க 2 லட்சம் யூரோ தருவதாகப் பழைய சக ஆட்டக்காரர் ஒருவர் வந்தார். ஃபரீனா நேராகப் போய்ப் புகார் செய்தார். தேசிய அணிப் பயிற்சிக்கு அப்போதைய இத்தாலி கோச் ப்ரந்தெல்லி அழைத்துக் கௌரவித்தார், ஃபிஃபாவும் கை குலுக்கியது. அடுத்த வருடம் இத்தாலியில் ஆட அவருக்கு கிளப் இல்லை. முப்பது வயதிலேயே ஆட்டத்தை விட்டு, இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவின் சமூகப் பயிற்சி வேலைக்குப் போனார்.

இப்போது பெரிய கிளப்புகளும் செரீ சி-க்குள் வந்துவிட்டன. 2018-ல் யுவெண்டஸ் தன் யு-23 (23 வயதுக்குட்பட்டோர்) அணியை அங்கே இறக்கியது, 2023-ல் அடலாண்டா, 2024-ல் மிலான். பையன்கள் தேறுகிறார்கள் என்கிறார்கள், தேறட்டும். மிலானின் அணி முதல் சீசனிலேயே செரீ டி-க்கு இறங்கியபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அது நீடிக்கவில்லை. 2020 வரை செரீ ஆ-வில் ஆடிய ஃபெராரா நகரத்து ஸ்பால், 2025 கோடையில் பணம் கட்ட முடியாமல் செரீ சி-யில் இடம் இழந்தது. அதே கோடையில் லீகுக்குள் வந்தது இன்டரின் யு-23. ஸ்பாலின் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஊரில் வீடு பார்க்கக் கிளம்பியிருப்பார்கள்.